காலியாக இருந்த இடது மூலை

முதல் ஆட்டம் முடிந்த பதினைந்து நிமிடத்துக்குள் மதிப்பெண் போட்டுவிட வேண்டும். எங்கள் கூடைப்பந்து அணியில் அது கண்டிப்பு. யாரிடமும் பேசாமல், புள்ளி விவரத் தாளைப் பார்க்காமல், கண் கண்டதை மட்டும் வைத்துப் பத்துக்கு இத்தனை என்று மடிக்கணினியில் பதிந்து அனுப்ப வேண்டும். அனுப்பியபின் திருத்த முடியாது. பக்கத்து இருக்கைக்காரன் சொன்னதைக் கேட்டு மனதை மாற்றிக்கொள்ளும் பழக்கம் என்னைப் போல ஆட்டக்காரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகளுக்கு உண்டு என்பதால், துணைப் பொது மேலாளர் வெர்னா டீகல் கொண்டுவந்த விதி இது. நல்ல விதிதான். ஓரின் மேப்ரிக்கு நான் நான்கு போட்டேன்.

நான்கு என்றால் இந்த லீக்கில் இவனுக்கு இடமில்லை, வெளிநாட்டில் போய் ஆடிக்கொள்ளலாம் என்று பொருள். ஐந்து என்றால் வைத்துப் பார்க்கலாம்.

மேப்ரிக்கு இருபத்திரண்டு வயது. கான்சஸில் ஒரு சிறிய கல்லூரியில் ஆடியவன். கார்டு. அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, மற்ற நால்வரையும் ஆட வைக்கிறவன். ஜூன் மாதப் புதுமுகத் தேர்வில் இரண்டாம் சுற்றின் கடைசியில் அவனை எடுத்திருந்தோம். இரண்டாம் சுற்றில் வருகிறவனுக்கு ஒப்பந்தம் நிச்சயமில்லை. எங்களிடம் மிச்சம் இருந்ததும் ஒரே ஒரு இடம்தான். அதுவும் முழு இடமில்லை, பாதி நாள் பெரிய அணியோடும் பாதி நாள் அதன் கீழே உள்ள சின்ன லீக் அணியோடும் கழிக்க வேண்டிய இடம். அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மேப்ரி. இன்னொருவன் கேஸ் டெலிங்கர், இருபத்தேழு வயது, மூன்று வருடம் இத்தாலியில் ஆடிவிட்டுக் கடைசியாக ஒருமுறை முயன்று பார்க்க வந்திருந்தான். லாஸ் வேகாஸ் கோடை லீக்கில் பதினோரு நாளில் ஐந்து ஆட்டம். அது முடிந்தால் ஒருவனுக்கு இடம், மற்றவனுக்கு விமான டிக்கெட்.

முதல் ஆட்டத்தில் மேப்ரி பதினொரு முறை கூடையை நோக்கி எறிந்து இரண்டு போட்டான். ஆறு முறை பந்தை எதிரணிக்குக் கொடுத்தான். அதில் மூன்று, வலப்பக்கம் ஓடிக்கொண்டே இடது மூலைக்கு, திரும்பிக்கூடப் பார்க்காமல், மைதானத்தின் குறுக்கே வீசியவை. வீச்சில் குறை சொல்ல முடியாது, வேகமாகவும் தாழ்வாகவும் போயின. மூலையில்தான் ஆள் இல்லை. ஒரு பந்து புகைப்படக்காரர் ஒருவரின் மடியில் போய் விழுந்தது.

என் பக்கத்தில் வேறு அணியின் ஸ்கவுட் ஃபெரிஸ் உட்கார்ந்திருந்தார். முப்பது கோடைகளாக அதே வரிசையில் உட்காருகிறவர்.

"அந்த மூலையில உங்க ஆளுக்கு யாரோ தெரியறாங்கப்பா. நமக்குத்தான் தெரியல" என்றார்.

நானும் சிரித்தேன்.

பிடிக்க ஆளில்லாமல் பந்து வெளியே போனால், அது எறிந்தவன் பெயரில்தான் எழுதப்படும். அங்கே நிற்க வேண்டியவன் நிற்கவில்லை என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. ஒஹையோவில் ஒரு தினசரியின் விளையாட்டுப் பக்கத்தில் பத்தொன்பது வருடம் இருந்தவன் நான். எண்ணை அச்சிடும் முன் அது எப்படி வந்தது என்று ஒரு தொலைபேசி போட்டாவது கேட்க வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். பதினைந்து நிமிட விதி அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மழுக்கியிருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் டெலிங்கர் இருபத்து நான்கு புள்ளி எடுத்தான். மேப்ரி மறுபடி இரண்டு முறை காலி மூலைக்கு எறிந்தான். மூன்றாவது ஆட்டத்திலும் இரண்டு. கோடை அணியின் கோச் பர்டெட் அவனை அழைத்து, பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாராம். அதற்கு மேல் சொல்ல அவருக்கும் நேரமில்லை. பதினான்கு பேர், ஒருவரையொருவர் பத்து நாள் முன்பு வரை பார்த்திராதவர்கள். முந்தைய ஆட்டத்தின் படம் போட்டுப் பார்க்கும் அரைமணி நேரமும் தடுப்பாட்டத்துக்கே சரியாகிவிடும்.

மறுநாள் காலை விடுதியில் முட்டை ஆறிக்கொண்டிருக்க, மேப்ரி இழந்த பந்துகளை மட்டும் மடிக்கணினியில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். மூன்று ஆட்டத்தில் ஏழு முறை ஒரே இடத்துக்கு எறிந்திருந்தான். ஏழும் ஒரே ஆட்டமுறையில். கார்டு தலைக்கு மேல் முஷ்டியைக் காட்டினால் அந்த முறை தொடங்கும். உயரமானவன் வந்து தடுப்பு கொடுப்பான், கார்டு வலப்பக்கம் ஓடுவான், எதிரணி அந்தப் பக்கம் சாயும். ஏழு முறையும் எங்கள் அணியின் டோபின் லீச் என்ற பையன் மூலையிலிருந்து பத்தடி மேலே கையை நீட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் அந்த மூலைக்குப் போனதே இல்லை. மேப்ரி அங்கே எறிவதை நிறுத்தியதும் இல்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்துத் திருந்தத் தெரியாதவன் என்று படிக்கலாம். அப்படியானால் நான் போட்ட நான்கே அதிகம். இன்னொரு விதம் எனக்கு அப்போது தெளிவாக இல்லை. கேட்டுவிடலாம் என்று போனேன்.

மேப்ரி பயிற்சி முடிந்து சுவரோரம் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டிருந்தான். ஒல்லி, நீளக் கை. பேசுவதற்கு முன் எச்சில் விழுங்குகிற ஆள்.

"அந்த மூலைக்கே ஏன் எறியறே?"

"முஷ்டி காட்டினா டோபின் அங்க இருக்கணும், சார்."

"இல்லையே."

"இன்னும் வரல."

"மூணு ஆட்டம் ஆச்சு, தம்பி."

"நான் எறியறத விட்டுட்டா அவன் எப்பவுமே வரமாட்டான் சார். பந்து அங்கதான் வரும்னு தெரிஞ்சாத்தான் கால் அங்க போகும்."

"அதுக்குள்ள அஞ்சு ஆட்டமும் முடிஞ்சிரும். இழந்ததெல்லாம் உன் பேர்லதான் ஏறும்."

"தெரியும் சார்." ஐஸ் பையைத் திருப்பி வைத்தான். "டோபின்கிட்ட இன்னிக்குப் பேசறேன். கொஞ்சம் சுள்ளுன்னு விழுவான். அதான் தள்ளிப் போட்டேன்."

தன் இடம் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொருவனுக்குப் பழக்கம் வருவதற்காகப் பந்தை எறிந்துகொண்டிருக்கிறான். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதாலேயே கொஞ்சம் சந்தேகமும் வந்தது.

நான்காவது ஆட்டத்தில் முஷ்டி உயர்ந்தபோது டோபின் மூலைக்கு ஓடினான். மேப்ரி பார்க்காமலே எறிந்த பந்து அவன் மார்புக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. டோபின் நிதானமாக எறிந்தான். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. பந்து உள்ளே போகாததால் மேப்ரியின் பெயரில் நல்லதாகவும் எதுவும் எழுதப்படவில்லை. அடுத்த முறையும் டோபின் மூலைக்குப் போனான். உடனே பர்டெட் அவனை வெளியே அழைத்து உட்கார வைத்துவிட்டார். களைத்திருப்பான் என்று நினைத்தேன். மிச்ச ஆட்டம் முழுவதும் அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த நாள் காலை விடுதியின் சின்ன அறையொன்றில் வெர்னா, பர்டெட், நான் மூவரும் கூடினோம். நடுவில் ஒரு பெட்டி பேகல் ரொட்டி. மேப்ரிக்கு ஐந்து தரலாம் என்றேன். வெர்னா தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இது நீ போட்ட நாலு, ஹாலிஸ். இப்ப அஞ்சுங்கறே. நடுவுல அவன் என்ன பண்ணினான்? அதே மூலைக்கு இன்னும் நாலு தடவ எறிஞ்சு தொலைச்சான். அவ்வளவுதானே?"

படத்தைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு பந்தும் சரியான இடத்துக்குத்தான் போகிறது, ஆள்தான் வரவில்லை, நேற்று ஆள் வந்ததும் பந்து கச்சிதமாகக் கையில் விழுந்தது பாருங்கள் என்றேன். இந்தப் பையனை ஆட்டமுறை தெரிந்த நான்கு பேரோடு நிறுத்தினால் வேறு ஆளாகத் தெரிவான் என்றேன்.

பர்டெட் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "டோபினைப் பத்தின்னா நான் நேத்தே திட்டியாச்சு. மூலைக்குப் போகாதேன்னு சொல்லியிருக்கேன். எதுக்குப் போனான்னு தெரியல."

"போகக் கூடாதா?" என்றேன்.

"அது பழசுய்யா. நம்ம ஊர்ல பயிற்சி நடந்தப்ப ரெண்டாம் நாளே மாத்திட்டேன். மூலையில நின்னா திரும்பி ஓட நேரமாகுது. பத்தடி மேல ஏறி நில்லுன்னுட்டேன்."

"மேப்ரிகிட்ட சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும்தான் சொன்னேன்."

வெர்னா நாட்காட்டியைத் திறந்து விரலால் கீழே இறக்கிக்கொண்டே போனாள். இரண்டாம் நாள் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மேப்ரிக்கு இதயப் பரிசோதனை. புதிதாக எடுத்த எல்லோருக்கும் அது உண்டு. அன்று அந்த நேரத்தில் அவன் முறை.

"வராதவங்களுக்கு சோரல் சொல்லியிருப்பானே" என்றார் பர்டெட். சொல்லி முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. உதவிப் பயிற்சியாளர் சோரல் மூன்றாம் நாளே வேறு அணியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஜூலை மாதத்தில் அது சாதாரணம்.

"அப்ப தப்பு என்னோடது" என்றார் பர்டெட்.

"பாதி உங்களோடது," என்றாள் வெர்னா. "மிச்சப் பாதி? ஒரு கார்டு நாலு ஆட்டமா எறிஞ்சுகிட்டே இருக்கான். டோபின் ஏன் வரலைன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேக்காதவனுக்கு எதுக்குக் கார்டு வேலை?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். புதிதாக வந்தவன் கேட்க மாட்டான். எங்கே நிற்க வேண்டும் என்று பயிற்சியில் ஒருவன் கேட்டால், மேலே இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற யாராவது 'ஆட்டமுறைகளைக் கற்கவில்லை' என்று எழுதிக்கொள்வோம். நானே இரண்டு மூன்று பேரைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறேன். இதைச் சொன்னேன். வெர்னா கேட்டுக்கொண்டாள். கூடவே, டோபினை அந்த மூலைக்குப் போக வைத்ததும் மேப்ரிதான் என்று சொன்னேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். "வந்து ரெண்டு வாரம் ஆகல. அதுக்குள்ள ஒருத்தன கோச் பேச்ச மீற வெச்சிருக்கான். இத நல்லதுன்னு எழுதறதா, கெட்டதுன்னு எழுதறதா?"

பிறகு முடிவாகச் சொன்னாள். "யாரும் அவன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. மதியம் பயிற்சி இருக்கு. கேக்கறானான்னு பாப்போம்."

அது நியாயமில்லை என்றேன். நம் தவறுக்கு அவனைச் சோதிக்கிறோம் என்றேன். பர்டெட்டும் நாற்காலியில் நெளிந்தார்.

"சீசன் நடுவுல ஜனவரியிலயும் யாராவது அவன்கிட்ட சொல்ல மறப்பாங்க, ஹாலிஸ்" என்றாள் வெர்னா.

அரைமணி கழித்து லிஃப்டில் இறங்கும்போது நாலாவது மாடியில் மேப்ரி ஏறினான். நாங்கள் இருவர் மட்டும்.

"சார், நேத்து நான் எதாவது தப்பா பண்ணினேனா?"

சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஒரே வாக்கியம் போதும். "அத என்கிட்ட கேக்காதே" என்றேன். நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. அவன் எச்சில் விழுங்கி, "சரி சார்" என்றான். கதவு திறந்தது. சூதாட்ட இயந்திரங்களின் சத்தத்துக்குள் நடந்து போனான்.

மதியப் பயிற்சி வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் நடந்தது. வெர்னா மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் நாலு வரிசை கீழே. பர்டெட் முதலில் வேறு எதையெதையோ ஆட வைத்தார். பிறகு, வேறு வழியில்லாமல், முஷ்டி என்றார். டெலிங்கர் முதலில் ஆடினான். டோபின் பத்தடி மேலே நின்றான், பந்து அங்கே போனது, எல்லாம் சரியாக நடந்தது. மேப்ரி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முறை வந்தது. பந்தை இரண்டு முறை தட்டினான். முஷ்டியை உயர்த்தவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு பர்டெட்டிடம் நடந்து போனான். தாழ்ந்த குரலில்தான் பேசினான், ஆனால் காலி அரங்கில் எல்லோருக்கும் கேட்டது.

"கோச், நேத்து டோபின வெளிய எடுத்தது மூலைக்குப் போனதுக்கா?"

"ஆமா."

"போகச் சொன்னது நான். அவன் மேல தப்பில்ல. உக்கார வெக்கறதுன்னா என்னத்தான் வெச்சிருக்கணும்."

பர்டெட் மேலே வெர்னாவைப் பார்க்கவில்லை. அது எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டியது.

"முஷ்டிக்கு டோபின் எங்க நிக்கணும், கோச்? எனக்குத் தெரியல" என்றான் மேப்ரி.

டோபின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தான். "டேய், மாத்தினது உனக்குத் தெரியாதா? நீ வந்து சொன்னதும் கோச் மறுபடி மாத்திட்டார்னு நெனச்சேன்டா. கார்டு சொன்னா கோச் சொன்ன மாதிரிதானே."

"எப்ப மாத்தினாங்க?"

"ரெண்டாம் நாள்."

"அன்னிக்கு நான் நெஞ்சு பூரா ஒயர் ஒட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். "அப்ப இத்தன நாளா யாருக்குடா எறிஞ்சே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். மேப்ரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. டெலிங்கர் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். இந்த ஆட்டமுறையைச் சரியாகத் தெரிந்தவன் அவன். நான்கு ஆட்டமாக மேப்ரி எங்கே எறிகிறான் என்று பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். அவன் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர்.

பர்டெட் எல்லோரும் கேட்கும்படி, உன்னிடம் சொல்லாதது என் தப்பு என்றார். மேப்ரியைத் தோளைப் பிடித்து அழைத்துப்போய் இடத்தைக் காலால் தேய்த்துக் காட்டினார்.

கடைசி ஆட்டத்தில் அவன் பிரகாசித்தான் என்று எழுத ஆசைதான். பத்தில் மூன்று போட்டான். இரண்டு முறை பந்தை இழந்தான், இரண்டும் அவன் சொந்தத் தவறு. புதிய இடத்துக்கு மூன்று முறை எறிந்தான், டோபின் ஒன்றைப் போட்டான். டெலிங்கர் பத்தொன்பது எடுத்தான். ஒன்பது புள்ளியில் தோற்றோம். ஐந்து ஆட்டத்தின் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் டெலிங்கர் எல்லாக் கட்டத்திலும் மேலே இருந்தான்.

அரங்குக்குப் பின்னால் வெர்னா தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். அவள் எதுவும் சொல்வதற்கு முன் நான் லிஃப்டில் நடந்ததைச் சொன்னேன். சொன்னால் மேப்ரியின் இடம் போகலாம் என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்லாமல் விட்டு அவன் உள்ளே வந்தால், பிறகு அவனைப் பற்றி நான் எழுதும் எதையும் நானே நம்ப முடியாது.

"கோச்சப் போய்க் கேளுன்னு சொன்னியா?"

"இல்ல. என்கிட்ட கேக்காதேன்னேன்."

"கிட்டத்தட்ட அதேதான்."

"ஆமா."

பாட்டில் மூடியைத் திருகித் திறந்து, குடிக்காமல் மறுபடி மூடினாள். "டோபினுக்காகப் போய்ப் பேசுன்னு சொன்னியா?"

"இல்ல. டோபின் பேச்சே வரல."

"அவன் முதல்ல கேட்டது அதத்தான்" என்றாள். "தான் எங்க எறியணும்கறத அப்புறம்தான் கேட்டான்." பாட்டிலைக் கைமாற்றிப் பிடித்தாள். "இதுக்கு எவ்வளவு போடுவே?"

"அஞ்சு. அதுக்கு மேல இல்ல. கேக்கறதுக்கு ரொம்ப நாள் எடுத்துக்கிட்டான்."

"நானும் அஞ்சுதான்" என்றாள். நடைபாதையில் செருப்போடு வந்துகொண்டிருந்த மேப்ரியை அங்கேயே நிறுத்திச் சொல்லிவிட்டாள். இடம் உனக்கு, அக்டோபரில் பார்க்கலாம், இன்றைக்கு ஆடினதுக்காகக் கொடுக்கவில்லை என்றாள். அவன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டெலிங்கருக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

"பஸ்ல என் பக்கத்து சீட்டு அவருக்கு, மேடம். நான் ஏறறதுக்கு முன்னாடி யாராவது சொல்லிட்டா நல்லாருக்கும்."

அந்த வேலை என்னுடையது. பேருந்துக்குள் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டெலிங்கர் ஜன்னலோரம் இருந்தான். நின்றபடியே சொன்னேன். அவன் எதிர்பார்த்தது போலவும் இருந்தது, எதிர்பாராதது போலவும் இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றான். "அவன் என்னவிட எதுல மேல?"

"இன்னிக்கு எதுலயும் இல்ல."

கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் உட்கார்ந்தேன்.